மரத்திலிருந்து 'தொப்'பென விழும் இகுவானா... குளிருக்கும் அசராத டெகு! - புளோரிடாவின் பல்லித் தலைவலி

2020 ஜனவரி 21. அமெரிக்காவின் மயாமியில் உள்ள தேசிய வானிலை மையம் வித்தியாசமான ஓர் எச்சரிக்கை விடுத்தது. மழையும் இல்லை, புயலும் இல்லை... இன்றிரவு மரங்களிலிருந்து இகுவானாக்கள் விழலாம், ஆச்சரியப்பட வேண்டாம் என்றது!

இகுவானா, குளிர் ரத்தப் பிராணி. வெப்பநிலை 10 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இறங்கினால் உடல் மரத்துப்போய், பிடி நழுவி விழுந்துவிடும். செத்துவிட்டது என நினைத்து காரில் தூக்கிப் போட்டால் வம்பு. சூடு ஏறியதும் எழுந்து வாலைச் சுழற்ற ஆரம்பித்துவிடும். ஐந்தடி வரை வளரும் பிராணி, சும்மா இருக்குமா?

இவற்றின் தாயகம் மத்திய, தென் அமெரிக்கா. புளோரிடாவுக்குள் நுழைய முக்கியக் காரணம் செல்லப்பிராணி வியாபாரம். கடையில் பார்க்கும்போது உள்ளங்கையில் அடங்கும் பச்சைக் குட்டி. சில வருடங்களில் அதற்கென ஓர் அறையே வேண்டும். சமாளிக்க முடியாதவர்கள் வெளியே விட்டார்கள். சில தப்பி ஓடின. 1960-களிலேயே தெற்கு புளோரிடாவில் தென்பட ஆரம்பித்தன. இன்று தோட்டத்துச் செடிகளை மொட்டையடிக்கின்றன. கால்வாய்க் கரைகளில் வளை தோண்டுகின்றன. வெஸ்ட் பாம் பீச் நகரில் இப்படிச் சேதமான தடுப்பணையைச் சரிசெய்ய ஆன செலவு சுமார் 18 லட்சம் டாலர்!

குளிரும் கைகொடுக்கவில்லை

இகுவானாவுக்காவது குளிர் கடிவாளம் போடுகிறது. கடுங்குளிரில் பல செத்தும்போகின்றன. டெகுவிடம் அது பலிக்காது.

அர்ஜென்டினாவின் கறுப்பு வெள்ளை டெகு, பார்க்க நம்மூர் உடும்பு மாதிரி இருக்கும். நான்கடி வரை வளரும். இதுவும் செல்லப்பிராணியாக வந்ததுதான். குளிர்காலத்தை வளைக்குள் தூங்கியே கழித்துவிட்டு, வெயில் வந்ததும் வெளியே வரும். இனப்பெருக்கக் காலத்தில் தன் உடலைச் சுற்றுப்புறத்தைவிட 10 டிகிரி வரை சூடாக வைத்துக்கொள்ளும் என 2016-ல் விஞ்ஞானிகள் கண்டறிந்தார்கள். பல்லி இனத்தில் இது அபூர்வம். புளோரிடாவைவிடக் குளிரான ஜார்ஜியா மாநிலத்திலும் டெகு இப்போது தென்படுகிறது.

இகுவானா பெரும்பாலும் சைவம். டெகு அப்படியில்லை. பழம், பூச்சி, எலி என எதையும் விடாது. முட்டை என்றால் கொண்டாட்டம். தரையில் கூடு கட்டும் பறவைகள், ஏற்கெனவே ஆபத்தில் இருக்கும் கோபர் ஆமைகள், ஏன்... முதலையின் முட்டைகூட தப்பாது! அலிகேட்டர் முதலையின் கூட்டிலிருந்து டெகு முட்டையைக் கவ்விச் செல்வது, தெற்கு புளோரிடாவில் ஆய்வாளர்கள் வைத்த கேமராவிலேயே பதிவாகியிருக்கிறது.

2021-ல்தான் புளோரிடா அரசு இரண்டையும் தடைப் பட்டியலில் சேர்த்தது. ஏற்கெனவே வளர்ப்பவர்கள் அனுமதி வாங்கி, பிராணியின் உடலில் மைக்ரோசிப் பொருத்த வேண்டும். நல்ல முடிவுதான். ஆனால், முதல் இகுவானா தென்பட்டு சுமார் 60 வருடங்கள் ஓடிவிட்டன!

இகுவானா நம்மூருக்கும் புதிதல்ல. சென்னை விமான நிலையத்தில் கடத்தல் பெட்டிகளுக்குள் சிக்கியிருக்கிறது. ஆசையாக வளர்ப்பவர்களும் இருக்கிறார்கள். மத்திய அரசின் 2024-ம் ஆண்டு விதிகளின்படி, சர்வதேச வணிகக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் உள்ள இத்தகைய வெளிநாட்டுப் பிராணிகளை வாங்கினால், 30 நாள்களுக்குள் 'பரிவேஷ்' இணையதளத்தில் பதிவு செய்ய வேண்டும். குட்டி பிறந்தாலும், கை மாறினாலும், இறந்தாலும் தகவல் சொல்ல வேண்டும்.