பாராங்கில் பெயரைப் பார்க்காதீர், எஃகைப் பாருங்கள்!



பாலிக் புலாவ் என்றால் தீவின் முதுகுப்பக்கம் என்று அர்த்தம். பினாங்குத் தீவின் இந்தப் பக்கத்தில் ரப்பர்க் காடுகள் சுருங்கிப் போனாலும், மலைச்சரிவில் டுரியானும் ஜாதிக்காயும் கிராம்பும் இன்னும் நமக்கு வேலை கொடுத்துக்கொண்டுதான் இருக்கின்றன. பாராங், மண்வெட்டி, ரம்பம், பால் வெட்டும் கத்தி இவற்றில் ஒன்றாவது கையில் இல்லாமல் நமக்குப் பொழுது விடிவதில்லை. ஆனால் அவற்றை வாங்கும்போது மட்டும் நாம் ஏமாந்துவிடுகிறோம்.

எங்கள் கதையையே சொல்கிறோம். டுரியான் விழுவதற்கு முன் மரத்தடிப் புதரை வெட்டிச் சுத்தம் செய்ய ஒரு பாராங் தேவைப்பட்டது. கடையில் பளபளவென்று ஒன்றை எடுத்து நீட்டினார்கள். "இது ஜெர்மன் சாமான், பாகுஸ்!" என்றார் கடைக்காரர். தகட்டிலும் 'ஜெர்மனி' என்று ஒட்டியிருந்தது. விலையும் மலிவு. நாங்களும் சந்தோஷமாக வாங்கி வந்தோம். மூன்றாம் வாரம் ஓங்கி வெட்டியபோது பிடியின் ஆணி கழன்று தகடு தனியாகப் பறந்தது. பக்கத்தில் நின்றவர் காலுக்கு ஒரு சாண் தள்ளி விழுந்தது. கடவுள் புண்ணியம், காயம் இல்லை. உடைந்த பிடிக்குள் பார்த்தோம். தகட்டின் வால் இரண்டு விரல் நீளம்கூட இல்லை!

வெளுத்ததெல்லாம் பாலாகுமா, தோழர்களே? ஒட்டுக்காகிதத்தை யார் வேண்டுமானாலும் ஒட்டலாம்.

ஊர்ப் பெயர் போடும் பழக்கம் வந்த கதையே வேடிக்கையானது. 19ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் ஷெஃபீல்டு கத்திகளுக்கு உலகெங்கும் நல்ல பேர். ஜெர்மனியில் செய்த மலிவுக் கத்திகள் சிலவும் ஷெஃபீல்டு பெயரைப் போட்டுக்கொண்டு சந்தைக்கு வந்தன. அதைத் தடுக்க 1887இல் பிரிட்டன் ஒரு சட்டம் போட்டது. வெளிநாட்டுச் சாமான் உள்ளூர்ச் சாமான் போல வேஷம் போடக்கூடாது, எந்த நாட்டில் செய்தது என்பது தெரிய வேண்டும் என்றது சட்டம். மட்டச் சரக்கு என்று காட்டிக்கொடுக்க வந்த 'ஜெர்மனியில் செய்தது' என்ற அதே முத்திரை, ஜெர்மன்காரர்கள் தரத்தை உயர்த்தியதால் நாளடைவில் நம்பிக்கை முத்திரையாகிவிட்டது. ஜப்பான் சாமானை ஒரு காலத்தில் மட்டம் என்று சொன்ன நம்மவர்களே பிறகு அதைத் தேடித் தேடி வாங்கவில்லையா? இன்று சீனாவிலிருந்து மட்டமானதும் வருகிறது, முதல்தரமானதும் வருகிறது. நாட்டின் பேரை மட்டும் வைத்துக் கத்தியை எடைபோட முடியாது.

மார்க்கு மட்டும் என்ன? பேர் எடுத்த மார்க்குகள் உண்டு, மறுக்கவில்லை. இங்கிலாந்தின் சில்லிங்டன் கம்பெனியின் முதலைச் சின்ன மண்வெட்டி பல நாட்டுத் தோட்டங்களுக்குப் போனது. இந்தியாவில் டாட்டா அக்ரிகோ 1925 முதல் மண்வெட்டியும் கடப்பாரையும் செய்கிறது. பிரேசிலின் டிரமொன்டினா 1911இல் தொடங்கியது. அதன் வெட்டுக்கத்திகள் பல நாடுகளில் விற்கின்றன. ஆனால் முதலைப் படத்தை எவனும் அச்சடிக்கலாம், எஃகை அச்சடிக்க முடியாது. இன்னொன்று, மார்க்கின் ஊர் வேறு, பொருள் செய்த ஊர் வேறாக இருக்கலாம். ரம்பத்துக்குப் பேர்போன பாக்கோ, ஸ்வீடன் நாட்டுப் பெயர். 1999 முதல் அது அமெரிக்கக் கம்பெனியான ஸ்னாப்-ஆன் கையில் இருக்கிறது. ஸ்வீடனுக்கு வெளியிலும் அதற்குத் தொழிற்சாலைகள் உண்டு.

அப்படியானால் எதைப் பார்த்து வாங்குவது? கடையிலேயே செய்து பார்க்கக்கூடிய சோதனைகள் இதோ:

1. வாலைப் பாருங்கள். தகட்டின் வால் பிடியின் கடைசி வரை ஓடியிருக்க வேண்டும். ஆணிகள் ஆடக்கூடாது. வால் வெளியே தெரியவில்லையென்றால் கேளுங்கள். பதில் சொல்லத் தயங்கும் கடையில் வாங்க வேண்டாம்.

2. சுண்டிப் பாருங்கள். நல்ல எஃகு 'ணங்' என்று ஒலிக்கும். விரிசல் விட்டதும் பிடி தளர்ந்ததும் 'டொக்' என்று அமுங்கும்.

3. லேசாக வளைத்து விடுங்கள். நேராகத் திரும்ப வேண்டும். வளைந்தபடி நின்றால் இரும்பு மெத்து. வேண்டவே வேண்டாம்.

4. மண்வெட்டியில் காம்பு நுழையும் வளையத்தைப் பாருங்கள். தகட்டோடு ஒன்றாக அடித்துச் செய்தது உழைக்கும். அரைகுறையாகப் பற்றவைத்தது அந்த இடத்திலேயே விட்டுப்போகும்.

5. மரக்காம்பின் ரேகை நீளவாக்கில் ஓட வேண்டும். கணு இருந்தால் அங்கேதான் முறியும்.

பளபளப்பைக் கண்டு மயங்காதீர்கள். துருப்பிடிக்கும் கரி எஃகுதான் அரத்துக்கு இணங்கும். காட்டிலேயே நான்கு இழுப்பில் கூர் ஏறிவிடும். வேலை முடிந்ததும் துடைத்து எண்ணெய் தடவினால் துரு அண்டாது. மோட்டார்க் கல்லில் பிடித்துத் தீட்டும்போது விளிம்பு நீலநிறமானால் எஃகின் பதம் போய்விட்டது என்று தெரிந்துகொள்ளுங்கள்.

இப்போது விலைக் கணக்கு. பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். 18 வெள்ளிப் பாராங் 3 மாதம் வருகிறது. 54 வெள்ளிப் பாராங் 18 மாதம் வருகிறது. அந்த 18 மாதத்துக்கு மலிவுப் பாராங் ஆறு வாங்க வேண்டும், 108 வெள்ளி ஆகிவிடும்! நடுவே உடைந்து நின்ற நாட்களின் கூலி தனி. அதற்காக விலை கூடினால் தரம் கூடும் என்றும் நினைக்காதீர்கள். பழைய லாரியின் வில்தகட்டை அடித்துக் கம்பத்துக் கொல்லர் செய்யும் பாராங்கில் எந்த நாட்டுப் பேரும் இருக்காது. ஆனாலும் வில்தகடு நல்ல எஃகு. பதம் தெரிந்த கொல்லர் கைபட்டால் வருஷக்கணக்கில் உழைக்கும்.

பால் வெட்டுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. மழுங்கிய கத்தி பட்டையைக் கிழிக்கும். உள்ளே மரத்தில் பட்டுக் காயமானால் புதுப்பட்டை முண்டும் முடிச்சுமாக வளரும். பிறகு அதில் பால் வெட்டுவது பெரும்பாடு. கத்தி மட்டமாயிருந்து மரம் கெட்டாலும், ஏச்சு வாங்குவது வெட்டியவர்தானே!

கடைசியாக, ரசீது கேட்டு வாங்குங்கள். எங்கள் பாராங்குக்கு நாங்கள் ரசீது வாங்கவில்லை. கடைக்குத் திரும்பிப் போனபோது, "எங்க கடையில வாங்குனதுக்கு என்னா அத்தாட்சி?" என்று கேட்டுவிட்டார்கள். செய்த நாட்டைப் பொய்யாகப் போட்டு விற்பது 2011ஆம் ஆண்டு வாணிப விவரிப்புச் சட்டப்படி குற்றம். உள்நாட்டு வாணிப அமைச்சிடம் புகார் செய்யலாம். பினாங்கு பயனீட்டாளர் சங்கத்திடமும் முறையிடலாம். வேலைக்குச் சேரும்போதே கருவி யார் செலவு என்று முதலாளியிடம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். சம்பளத்தில் எதைப் பிடிக்கலாம் என்பதற்கு 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டத்தின் 24ஆம் பிரிவு வரம்பு வைத்திருக்கிறது.

அடுத்த தடவை யாராவது "பாகுஸ்" என்று பாராங்கை நீட்டினால், சிரித்துக்கொண்டே வாங்கி முதலில் சுண்டிப் பாருங்கள். நல்லதா இல்லையா என்பதை எஃகே சொல்லிவிடும்.