சூரியன் சாய்ந்த பிறகு: மின் பொறியியல் மாணவர்களுக்குக் காத்திருக்கும் வேலை

ட்ரிப்பிள் ஈ மாணவர்கள் கொஞ்சம் பயத்தோடு செய்யும் ஆய்வகச் சோதனை ஒன்று உண்டு: ஆல்டர்னேட்டரை ஈ.பி. சப்ளையோடு இணைப்பது. நடுவே மூன்று விளக்குகள். எந்திரத்தின் வேகம் பொருந்தாதவரை அவை மினுக்கிக்கொண்டே இருக்கும். வேகத்தைச் சரிசெய்யச் சரிசெய்ய மினுக்கல் நிதானப்படும். மூன்றும் ஒருசேர அணையும் நேரம் பார்த்து ஸ்விட்சைப் போட வேண்டும். மின்னழுத்தம், அதிர்வெண், கட்டம் எல்லாம் பொருந்திவிட்டன என்று அர்த்தம். தவறான நேரத்தில் போட்டால் எந்திரம் உறுமும், ஃப்யூஸ் போகும்.

ரெக்கார்டு நோட்டில் கையெழுத்து வாங்கியதும் பலரும் மறந்துவிடும் இந்தச் சோதனையில்தான் எரிசக்தித் துறையின் இன்றைய வேலை இருக்கிறது. மொட்டைமாடி சோலாரின் இன்வர்ட்டர் செய்வதும் இதையேதான். அங்கே கைக்குப் பதில் மென்பொருள், சுழலும் எந்திரத்துக்குப் பதில் குறைகடத்தி ஸ்விட்சுகள். அவ்வளவுதான் வித்தியாசம்.

விழுப்புரம் மாவட்டத்துக்கு இது ஏட்டுப் பாடம் அல்ல. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்தபோது, திண்டிவனத்தை அடுத்த மயிலத்தில் சுமார் 50 செ.மீ. மழை கொட்டியது. மாவட்டம் இருளில் மூழ்கியது. இப்படிப்பட்ட நேரத்தில், பேட்டரி இல்லாத சாதாரண சோலார் பகலில்கூட உதவாது. ஈ.பி. லைன் செத்ததும் இன்வர்ட்டர் தானே நின்றுவிடும். நிற்காவிட்டால், கம்பத்தில் ஏறும் லைன்மேன் மீது நம் வீட்டு மின்சாரம் பாயும். பிரதமரின் சூர்ய கர் திட்டம் 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் மானியம் தருகிறது. ஆனால் புயலுக்குப் பிறகும் மருத்துவமனைக்கும் குடிநீர் மோட்டாருக்கும் மின்சாரம் தரக்கூடிய பேட்டரி, ஹைப்ரிட் இன்வர்ட்டர் அமைப்பை இந்த ஊருக்கென்று வடிவமைக்க ஆள் வேண்டும். கடலோர மாவட்டத்துப் பிள்ளைகளைவிட அதற்குப் பொருத்தமானவர்கள் யார்?

மாநில அளவிலும் இதே சிக்கல்தான்: சூரியன் இல்லாத நேரத்தில் மின்சாரத்துக்கு என்ன செய்வது? 2024 மே 2 அன்று தமிழ்நாட்டின் மின்தேவை 20,830 மெகாவாட்டைத் தொட்டது. பகலில் சூரியன் கைகொடுக்கும். பொழுது சாய்ந்ததும் அந்த உற்பத்தி இறங்கிவிடும், வீடுகளின் தேவையோ ஏறும். அப்போதும் அதிர்வெண் 49.90-க்கும் 50.05 ஹெர்ட்ஸுக்கும் இடையே நின்றாக வேண்டும். 1962-இல் உற்பத்தியைத் தொடங்கிய நெய்வேலி முதல் அனல்மின் நிலையம் 2020-இல் மூடப்பட்டது. அதுபோன்ற நிலையங்களின் கனத்த சுழலிகள், திடீர் ஏற்றத்தாழ்வைத் தங்கள் சுழற்சியாலேயே தாங்கிக்கொண்டன. சோலார் பலகைக்குச் சுழலும் பாகமே கிடையாது. தாங்கும் வேலையை இன்வர்ட்டருக்குக் கற்றுத்தர வேண்டும். மாலைக்காக மின்சாரத்தைச் சேமிக்கவும் வேண்டும். மிஞ்சும் மின்சாரத்தால் தண்ணீரை மேலே ஏற்றி, தேவைப்படும்போது இறக்கும் கடம்பாறை நீரேற்று மின் நிலையம் 400 மெகாவாட் தரவல்லது. நீலகிரியில் 500 மெகாவாட்டில் குந்தா நீரேற்றுத் திட்டம் உருவாகிறது.

விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் அண்ணா பல்கலைக்கழகத்தின் உறுப்புக் கல்லூரிகள் 2008-இல் வந்தன. இந்த வட்டாரத்துக் கல்லூரிகளுக்கு, வீட்டின் முதல் பட்டதாரிகளும் 7.5 சதவீத ஒதுக்கீட்டில் நுழைந்த அரசுப் பள்ளி மாணவர்களும் வருகிறார்கள். நான்காம் ஆண்டில் மென்பொருள் நிறுவனம் முதலில் வந்து வேலை தந்தால் அதை ஏற்கிறார்கள். அவர்கள் வீட்டின் கடன் சுமை தெரிந்த யாரும் அதைக் குறை சொல்ல முடியாது. ஆனால் எரிசக்தித் துறை என்றால் ஈ.பி.யில் உதவிப் பொறியாளர் வேலை மட்டும்தான் என்ற எண்ணம் மாற வேண்டும். பவர் கிரிட், என்.டி.பி.சி. போன்ற நிறுவனங்கள் கேட் (GATE) தேர்வு மதிப்பெண்ணைக் கொண்டு பொறியாளர்களை எடுத்துவருகின்றன. கிண்டி பொறியியல் கல்லூரியில் எரிசக்திப் பொறியியல், பவர் எலக்ட்ரானிக்ஸ் மேற்படிப்புகள் இருக்கின்றன. பள்ளிக்கரணையில் தேசிய காற்றாற்றல் நிறுவனம் இருக்கிறது. கோடு எழுதத் தெரிந்த மின் பொறியாளருக்கு இங்கே கூடுதல் மதிப்பு. அதனால் பைத்தான் கற்றது வீணாகாது.

மூன்றாம் ஆண்டு மாணவர் இப்போதே செய்யக்கூடியது ஒன்று உண்டு. கல்லூரியின் ஒரு மாத மின்பயன்பாட்டை மணிவாரியாக அளந்து, எத்தனை கிலோவாட் சோலாரும் எவ்வளவு பேட்டரியும் இருந்தால் விடுதியும் தண்ணீர் மோட்டாரும் மூன்று நாள் ஈ.பி. இல்லாமல் ஓடும் என்று கணக்கிடலாம். காசு கொடுத்து வாங்கிய ப்ராஜெக்ட்டை ஒப்படைப்பதைவிட, நேர்முகத் தேர்வில் இந்தக் கணக்கு அதிகம் பேசும்.