சைக்கிளுக்கும் ஒரு கூரை வேண்டும்

கடை வாசலில் வண்டி நிறுத்த இடமில்லை என்ற புகார் எழாமல் வியாபாரிகள் கூட்டம் எதுவும் முடிவதில்லை. கார் நிறுத்த இடம் வேண்டும், லோடு வண்டிக்கு நேரம் ஒதுக்க வேண்டும் என்று மனு மேல் மனுவாகக் கொடுக்கிறோம். நியாயமான கோரிக்கைகள்தாம். ஆனால் அந்த மனுக்களில் சைக்கிள் என்ற சொல்லைத் தேடினாலும் கிடைக்காது. கடைவீதியிலும் பேருந்து நிலையத்திலும் மேற்கூரை போட்ட சைக்கிள் ஸ்டாண்டு ஏன் வேண்டும் என்பதை, வியாபாரக் கணக்காகவே இங்கு எழுத விரும்புகிறோம்.

"இந்தக் காலத்தில் சைக்கிளில் யார் வருகிறார்கள்?" என்று உறுப்பினர்கள் கேட்கலாம். 2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், நாட்டின் நூறு வீடுகளில் ஏறக்குறைய 45இல் சைக்கிள் இருந்தது. ஸ்கூட்டரோ மோட்டார் சைக்கிளோ இருந்தவை 21 வீடுகள்தாம். பிறகு மோட்டார் வண்டிகள் பெருகிவிட்டன என்பது உண்மை. ஆனாலும் தமிழக அரசு 2001இல் ஆதிதிராவிடர், பழங்குடி மாணவியருக்கு எனத் தொடங்கி, பின்னர் மற்ற மாணவ மாணவியருக்கும் விரிவாக்கிய இலவச சைக்கிள் திட்டம் ஊர் ஊராக சைக்கிளைக் கொண்டு சேர்த்திருக்கிறது. எங்கள் கடையில் மூட்டை தூக்குகிறவர் இன்று ஓட்டி வருவது அவர் மகள் பிளஸ் ஒன் படித்தபோது வாங்கிய சைக்கிள். முன்னால் உள்ள கூடையில் தூக்குச்சட்டி உட்கார்ந்திருக்கும். காலை ஆறு மணிக்குக் கடை திறக்க நமக்கு வேண்டியவர்கள் இவர்கள்தாம்.

மதுரை கீழமாசி வீதியில் 1978இல் நாம் தகப்பனாருடன் கடையில் உட்காரத் தொடங்கியபோது, ஸ்டாண்டு என்றாலே சைக்கிள் ஸ்டாண்டுதான். கீற்றுக் கொட்டகை, உள்ளே வரிசை வரிசையாக சைக்கிள்கள், சீட்டின் மேல் சாக்பீஸில் எழுதிய எண், கையில் கிழித்துக் கொடுத்த பாதி டோக்கன். 1980இல் டி.வி.எஸ். 50 வந்தது. அதன் பின்னால் மற்ற வண்டிகளும் வந்தன. மோட்டார் வண்டிக்குக் கட்டணம் கூடுதல். ஏலம் எடுத்தவர் எதைக் கூரைக்கு அடியில் வைப்பார்? சைக்கிள் மெல்ல வெளியே தள்ளப்பட்டது. அவரைக் குறை சொல்லிப் பயனில்லை. நாமும் அவர் இடத்தில் இருந்தால் அதைத்தான் செய்திருப்போம்.

வெயிலில் நின்றால் சைக்கிளுக்கு என்ன ஆகிவிடும் என்று நினைக்கலாம். காலையில் 30 டிகிரி வெப்பத்தில் அடித்த காற்று, கறுப்பு டயருக்குள் மதியம் 60 டிகிரிக்குச் சூடேறினால், டியூபுக்குள் அழுத்தம் பத்தில் ஒரு பங்கு அளவு கூடும். அதே சூட்டில் பஞ்சர் ஒட்டிய சொல்யூசன் இளகும். பழைய ஒட்டு எங்கே இருக்கிறதோ அங்கே காற்று வழி தேடும். நாள்பட வெயில் பட்டால் டயரின் பக்கவாட்டு ரப்பர் வெடிக்கும், பிரேக் கட்டை இறுகி வழுக்கும், சீட்டு உறை கிழியும். மழையோ செயினில் போட்ட எண்ணெயைக் கழுவிவிடும். இரண்டு நாள் நனைந்து காய்ந்தால் துரு ஏறிவிடும். நமக்கு முக்கியமான தீபாவளி வியாபாரம் வடகிழக்குப் பருவமழை நாட்களில்தானே நடக்கிறது?

இதில் நமக்கு நேர்ந்த ஒரு நஷ்டத்தையும் சொல்ல வேண்டும். சிலைமான் பக்கத்திலிருந்து ஒரு சில்லறைக் கடைக்காரர் வாரம் இருமுறை சைக்கிளில் வந்து சரக்கு எடுப்பார். பருப்பு, வெல்லம், மல்லி என்று முப்பது நாற்பது கிலோ கேரியரில் கட்டிக்கொண்டு போவார். ஒரு சித்திரை மாதம், மூன்று மணி நேரம் வெயிலில் நின்ற வண்டியில் சரக்கைக் கட்டி ஏறினார். தேர்முட்டி தாண்டவில்லை, பின் டயர் வெடித்தது. வண்டி சாய்ந்து வெல்ல மூட்டை ரோட்டில் சிதறியது. நம் பையன்கள் ஓடிப்போய் அள்ளினார்கள். "பரவாயில்லை அண்ணாச்சி, என் நேரம்" என்று சொல்லிவிட்டுத்தான் போனார். ஆனால் அடுத்த மாதத்திலிருந்து, ஊருக்கே வேனில் கொண்டுவந்து போடும் ஏஜெண்டிடம் வாங்கத் தொடங்கிவிட்டார். பதினாறு வருட வாடிக்கை. அவர் வண்டிக்கு நிழல் கொடுக்க நமக்குத் தோன்றவில்லையே என்பது இன்றும் உறுத்துகிறது.

வாசல் கணக்கு இன்னொன்று. பெரும்பாலான கடைகளின் முன்னால் காலை முதல் இரவு வரை நகராமல் நிற்பவை வாடிக்கையாளர் வண்டிகள் அல்ல. நம்முடையவையும் நம் ஆட்களுடையவையும்தான். ஸ்டாண்டில் கூரை இல்லாததால், சன்சேடு நிழல் விழும் கடை வாசலிலேயே சைக்கிளைச் சாய்க்கிறார்கள். கூப்பிடு தூரத்தில் நிழலான இடம் இருந்தால் அங்கே விடுவார்கள். ஒரு சைக்கிளுக்கு ஆறடி நீளம், இரண்டடி அகலம் போதும். ஒரு கார் நிற்கும் இடத்தில் பத்து சைக்கிள் நிற்கும். ஆகாயத்தைப் பார்த்து நிற்கும் ஸ்டாண்டு கட்டினால் மட்டும் அது காலியாகவே கிடக்கும். பிறகு, "பாருங்கள், சைக்கிளுக்குத் தேவையே இல்லை" என்று அதையும் மோட்டார் வண்டிக்குக் கொடுத்துவிடுவார்கள்.

வெளிநாட்டிலும் இந்தத் தேவையை உணர்ந்திருக்கிறார்கள். நெதர்லாந்தின் உட்ரெக்ட் ரயில் நிலையத்தில் 12,500 சைக்கிள் நிறுத்தும் கட்டடம் 2019இல் முழுமையாகத் திறக்கப்பட்டது. முதல் 24 மணி நேரத்துக்குக் கட்டணம் இல்லை. கார் வாங்க வசதியுள்ளவர்கள் நாடு அது. நமக்கு அவ்வளவு பெரிய கட்டடம் தேவையில்லை, தகரக் கொட்டகை போதும்.

அந்தக் கொட்டகையையும் பார்த்துக் கட்ட வேண்டும். கூரை ஒன்பது பத்தடி உயரம் இருந்தால்தான் தகரத்தின் சூடு இறங்காது. மேற்குப் பக்கம் மட்டும் தாழ்த்திவிட வேண்டும், பிற்பகல் வெயில் அங்கிருந்துதான் வரும். தரையை அரையடி உயர்த்தி வாட்டம் விட வேண்டும். முன்சக்கரத்தை மட்டும் செருகும் இரும்புச் சட்டம் வேண்டாம், பக்கத்து வண்டி சாய்ந்தால் ரிம் கோணிப்போகும். இடுப்பு உயரத்தில் ஒரு குழாய் ஓடினால் சங்கிலி போட்டுப் பூட்டலாம். கடை அடைக்கும் நேரம் வரை விளக்கு எரிய வேண்டும், பெண் ஊழியர்கள் உள்ள கடைகளுக்கு இது மிக அவசியம். எல்லாவற்றுக்கும் மேலாக, ஏல நிபந்தனையில் ஒரு வரி சேர வேண்டும்: சைக்கிளுக்கெனக் கோடு போட்ட இடத்தில் மோட்டார் வண்டி நிறுத்தக் கூடாது. அந்த வரி இல்லாவிட்டால் கூரை போட்டும் பயனில்லை.

மனுவுக்குப் பதில் வரும்வரை காத்திராமல், சென்ற கோடையில் எங்கள் குடோன் சந்தில், எங்கள் சுவரை ஒட்டி நாமே நான்கு தகரம் அடித்தோம். ஆறு சைக்கிள் நிற்கும் என்று கணக்கிட்டோம். பக்கத்துக் கடை அண்ணாச்சி தம் ஆட்களின் வண்டிகளையும் அங்கே விடச் சொல்லிவிட்டார். இப்போது ஒன்பது நிற்கின்றன. இன்னும் இரண்டு தகரம் வாங்க வேண்டும்.