கணவர் தின்ற அரைகுறை மாத்திரை, மனைவிக்கு எமன் ஆனது!

சிவப்புக் கோடு போட்ட அட்டை வாங்குகிறவர்கள் கவனிக்க

ஒருவருக்குத் தொண்டை வலி. அவர் டாக்டரிடம் போகவில்லை. தானே பென்சிலின் வாங்கினார். கிருமிகள் சாகிற அளவுக்கு அதைச் சாப்பிடவில்லை. கிருமிகள் மருந்தோடு பழகிக்கொள்கிற அளவுக்குத்தான் சாப்பிட்டார்.

பழகிய கிருமி அவருடைய மனைவிக்குத் தொற்றியது. அந்த அம்மாளுக்கு நிமோனியா கண்டது. டாக்டர் பென்சிலின் கொடுத்தார். மருந்து கேட்கவில்லை. அந்த அம்மாள் இறந்துபோனார்.

குற்றவாளி யார்?

போலீஸ் ஸ்டேஷன் வாசலில் நின்று கொலைச் செய்தி எழுதுவதுதான் என் வேலை. இப்படி ஒரு கேஸ் இதுவரை என் கைக்கு வந்தது இல்லை. வரவும் வராது. ஏனென்றால் இது கதை. கதையைச் சொன்னவர் சாதாரண ஆள் அல்ல. பென்சிலினைக் கண்டுபிடித்தாரே அலெக்சாண்டர் பிளெமிங், அவரேதான்!

1928-ல் லண்டன் செயிண்ட் மேரி ஆஸ்பத்திரியில், கிருமி வளர்த்த தட்டில் பூஞ்சைக் காளான் பிடித்துக் கிடந்ததைப் பார்த்தவர் அவர். காளானைச் சுற்றி இருந்த கிருமி செத்துக் கிடந்தது. அதிலிருந்து வந்ததுதான் பென்சிலின். 1945-ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. அந்த டிசம்பர் மாதம் பரிசுச் சொற்பொழிவு செய்தபோது, தன் மருந்தைப் பற்றிப் பெருமை அடித்துக்கொண்டதோடு நிறுத்தவில்லை. மேலே உள்ள கதையைச் சொல்லி, சாவுக்குக் கணவர்தான் பொறுப்பு என்று தீர்ப்பும் சொல்லிவிட்டார்.

அப்போது அது கற்பனை. இப்போது? மருந்து கேட்காத பாக்டீரியாக்களால் 2019-ம் ஆண்டில் மட்டும் உலகத்தில் 12 லட்சத்து 70 ஆயிரம் பேர் நேரடியாக இறந்துபோனதாக விஞ்ஞானிகள் கணக்குப் போட்டிருக்கிறார்கள். 2022-ல் 'லான்செட்' மருத்துவப் பத்திரிகையில் இந்தக் கணக்கு வெளிவந்தது.

"ரெண்டு போதும்ணே!"

ஒரு நாள் சாயங்காலம், சென்னையில் மின்சார ரயில் நிற்கிற ஒரு ஸ்டேஷனுக்கு எதிரே, மருந்துக் கடையில் போய் உட்கார்ந்தேன். கடைக்காரர் தெரிந்தவர். ஓரமாக ஒரு ஸ்டூல் போட்டுக் கொடுத்தார்.

ரயில் வந்து நின்றது. கூட்டம் இறங்கியது. ஆபீஸ் பையைத் தோளில் மாட்டிய ஒருவர் வேகமாக வந்தார்.

"அண்ணே, மூக்கு ஒழுகுது. தொண்டை கரகரங்குது. அந்த 500 பவர் மாத்திரை இருக்குல்ல, அதுல ரெண்டு குடுங்க."

"அது மூணு நாளைக்கு மூணு சார்."

"ரெண்டு போதும்ணே. ஒண்ணு போட்டாலே எனக்குக் கேட்டுடும்."

கடைக்காரர் கத்தரிக்கோலை எடுத்தார். அட்டையில் இரண்டை வெட்டிக் கொடுத்தார். சில்லறை வாங்கிக்கொண்டு அவர் போய்விட்டார்.

அடுத்து ஒரு அம்மா. கசங்கிப்போன காலி அட்டையை நீட்டினார்.

"இதே மாத்திரை குடுப்பா. பக்கத்து வீட்டுப் பொண்ணுக்கு டாக்டரு எழுதுனது. என் பையனுக்கும் அதே ஜுரந்தான்."

"பையனுக்கு என்ன வயசும்மா?"

"ஒம்பது."

"அது பெரியவங்க மாத்திரைம்மா. டாக்டர்கிட்ட காட்டிட்டு வாங்க."

அந்த அம்மா முகத்தைச் சுளித்துக்கொண்டு தெருக்கோடியில் உள்ள இன்னொரு கடைக்கு நடந்தார்.

"பார்த்தீங்களா தம்பி! சீட்டு கேட்டா யாவாரம் அங்க போவுது" என்றார் கடைக்காரர்.

"முதல்ல வந்தவர்கிட்ட ஏன் சீட்டு கேட்கல?" என்று கேட்டேன்.

கடைக்காரர் சிரித்தார். பதில் சொல்லவில்லை.

ஜலதோஷத்துக்கு எதற்கு?

ஆபீஸ் பைக்காரர் வாங்கிப் போனது ஆன்டிபயாடிக் மாத்திரை. இது பாக்டீரியா என்கிற கிருமியைத்தான் கொல்லும். மூக்கு ஒழுகும் ஜலதோஷம், புளூ காய்ச்சல், டெங்கு எல்லாம் வைரஸ் செய்கிற வேலை. தொண்டை வலியிலும் முக்கால்வாசி அதுதான். வைரஸை இந்த மாத்திரை ஒன்றும் செய்யாது. இரண்டு தின்றாலும் செய்யாது, இருபது தின்றாலும் செய்யாது.

"எனக்குச் சரியாப் போச்சே!" என்பீர்கள். ஜலதோஷம் தானாகவே போகும் சாமி!

2023 மார்ச் மாதம் ஊரெல்லாம் இருமலும் காய்ச்சலுமாகக் கிடந்தபோது, இந்திய மருத்துவ சங்கமே ஓர் அறிக்கை விட்டது. கண்டபடி அசித்ரோமைசின், அமாக்சிசிலின் என்று தின்னாதீர்கள், டாக்டர்களும் எழுதாதீர்கள் என்று கேட்டுக்கொண்டது.

சும்மா தின்றால் என்ன நஷ்டம்? நம் குடலிலும் தோலிலும் கோடிக்கணக்கான பாக்டீரியா குடியிருக்கிறது. மாத்திரை போட்டால் அதில் சோப்ளாங்கி எல்லாம் சாகும். மருந்தைத் தாங்குகிற ரவுடி மட்டும் மிஞ்சும். காலி இடத்தில் அது பெருகும். வீட்டில் உள்ள மற்றவர்களுக்கும் பரவும். நாளைக்கு நிஜமாகவே நிமோனியாவோ மூத்திரத் தாரையில் சீழோ வந்தால், அதே மாத்திரை கேட்காது. பிளெமிங் சொன்னது இதைத்தான்.

அட்டையைத் திருப்பிப் பாருங்கள்

மாத்திரை அட்டையின் பின்பக்கம், இடது ஓரத்தில், மேலிருந்து கீழாக ஒரு சிவப்புக் கோடு இருக்கும். அது அழகுக்குப் போட்டது அல்ல. டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கவும் கூடாது, வாங்கவும் கூடாது என்று அர்த்தம். இந்தக் கோட்டைக் கவனியுங்கள் என்று மத்திய சுகாதார அமைச்சகம் 2016-ல் பிரசாரமே செய்தது.

சில மருந்துகளுக்குக் கெடுபிடி இன்னும் அதிகம். 'எச்-1' என்று ஒரு பட்டியல் 2014 மார்ச் 1-ந் தேதி அமலுக்கு வந்தது. செபிக்ஸிம் போன்ற ஆன்டிபயாடிக்குகளும் காசநோய் மருந்துகளும் அதில் உண்டு. விற்றால், எழுதிய டாக்டர் யார், நோயாளி யார், எத்தனை மாத்திரை என்று தனி ரிஜிஸ்டரில் எழுதவேண்டும். ரிஜிஸ்டரை 3 வருஷம் வைத்திருக்கவேண்டும்.

சட்டம் பலமாகத்தான் இருக்கிறது. கத்தரிக்கோலும் அதன் பாட்டுக்கு வெட்டிக்கொண்டுதான் இருக்கிறது! பக்கத்துக் கேரளாவில் 2024-ல் சீட்டு இல்லாமல் ஆன்டிபயாடிக் விற்கும் கடைகளைப் பிடிக்கத் திடீர் சோதனை நடத்தினார்கள்.

டாக்டர் பீஸ் கொடுக்க முடியாமல் நேரே கடைக்கு வருகிறவர்களும் இருக்கிறார்கள். அவர்களைத் திட்டி எனக்கு மனசு வராது. மாநகராட்சி ஆரம்ப சுகாதார நிலையத்திலும் அரசு ஆஸ்பத்திரியிலும் டாக்டரும் இலவசம், மாத்திரையும் இலவசம். வரிசையில் நிற்கவேண்டும், அவ்வளவுதான்.

டாக்டரிடம் சொல்லவேண்டியது

சரி, டாக்டர் பார்த்து எழுதிக் கொடுத்துவிட்டார். அவர் பேனாவை மூடுவதற்கு முன்பு சில விஷயம் சொல்லிவிடுங்கள்.

முன்பு எந்த மாத்திரையாவது ஒத்துக்கொள்ளாமல் போயிருக்கிறதா? இது உயிர் விஷயம். "எனக்குப் பென்சிலின் ஆகாது" என்று தெரிந்தவர்கள்கூட அமாக்சிசிலினை வாங்கி விழுங்கிவிடுகிறார்கள். பெயர்தான் வேறு. இரண்டும் ஒரே குடும்பம்! ஆகாத மருந்தின் பெயரை ஒரு சீட்டில் எழுதி மணிபர்சில் வைத்துக்கொள்ளுங்கள். மாத்திரை போட்டதும் உடம்பெல்லாம் தடிப்பு, உதடு, நாக்கு வீக்கம், மூச்சு முட்டல் என்று வந்தால் யோசிக்காதீர்கள். உடனே 108.

கர்ப்பமா, கைக்குழந்தைக்குப் பால் கொடுக்கிறீர்களா, சிறுநீரகத்தில் கோளாறு உண்டா, ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை போடுகிறீர்களா, இதையும் சொல்லவேண்டும்.

டீயோடு விழுங்காதே!

மாத்திரையை டீக்கடையில் டீயோடு விழுங்குகிற ஆட்களை நான் தினமும் பார்க்கிறேன். சிப்ரோபிளாக்சசினை அப்படி விழுங்கினால் காசு தண்டம். பாலில் உள்ள சுண்ணாம்புச் சத்து மருந்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். ரத்தத்தில் சேர விடாது. இரும்புச் சத்து மாத்திரையும், நெஞ்சு எரிச்சலுக்குக் குடிக்கிற ரோஸ் கலர் மருந்தும் இதே வேலையைச் செய்யும். எவ்வளவு நேரம் தள்ளிச் சாப்பிடலாம் என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

எலிக் காய்ச்சலுக்குக் கொடுக்கிற டாக்சிசைக்ளினுக்கும் இந்தப் பத்தியம் உண்டு. அதை ஒரு டம்ளர் தண்ணீர் நிறையக் குடித்து விழுங்கவேண்டும். போட்டதும் படுக்கக் கூடாது. படுத்தால் மாத்திரை உணவுக் குழாயில் ஒட்டிக்கொண்டு புண்ணாக்கும். வெயிலில் அலைந்தால் தோலும் சிவந்துபோகும்.

மெட்ரோனிடசோல் சாப்பிடுகிறவர்கள் டாஸ்மாக் பக்கம் தலைவைக்கக் கூடாது. சாராயம் சேர்ந்தால் வாந்தி, படபடப்பு, முகச் சிவப்பு என்று ஆளைப் புரட்டிப் போட்டுவிடும். மாத்திரை முடிந்து 2, 3 நாள் ஆகும் வரையில் வேண்டாம்.

"ஒரு நாளைக்கு மூன்று வேளை" என்றால் ஏறக்குறைய 8 மணி நேரத்துக்கு ஒன்று. ஒரு வேளை மறந்துவிட்டால் ஞாபகம் வந்ததும் போடலாம். அடுத்த வேளை நெருங்கிவிட்டால் விட்டதை விட்டுவிடுங்கள். இரண்டாகச் சேர்த்துப் போடாதீர்கள். லேசாக வயிறு இளகுவது சகஜம். தண்ணீராகப் பேதி போனாலோ, ரத்தம் கலந்து வந்தாலோ டாக்டரிடம் ஓடவேண்டும்.

குழந்தைகளுக்குப் பவுடராக வரும் மருந்தில், கொதித்து ஆறிய தண்ணீரைக் கோடு வரை ஊற்றிக் குலுக்கவேண்டும். அளவு மூடி எதற்கு இருக்கிறது? சமையல் கரண்டியில் ஊற்றாதீர்கள். கலந்த மருந்தைப் பாட்டிலில் போட்டிருக்கிற நாள் கணக்குக்கு மேல் வைத்திருக்கக் கூடாது.

எத்தனை நாள்?

டாக்டர் சொன்ன நாள் வரை. சில நோய்களுக்கு 3 நாள், 5 நாளே போதும் என்று இப்போது டாக்டர்கள் நாளைக் குறைத்திருக்கிறார்கள். நீண்ட நாள் தின்றால் நல்லது என்பது பழைய எண்ணம். ஆனால் குறைப்பது டாக்டர் வேலை. நம் வேலை அல்ல.

காசநோயில் விளையாடவே கூடாது. அதற்குச் சாதாரணமாக 6 மாத வைத்தியம். சில வாரத்தில் இருமல் குறைந்துவிடும், உடம்பு தேறும், பசி எடுக்கும். "ஆளு நல்லாத்தானே இருக்கேன்" என்று மாத்திரையை நிறுத்துவார்கள். கிருமி திரும்பி வரும்போது பழைய மருந்து கேட்காது. வீட்டில் பெண்டாட்டி பிள்ளைகள் ஒரே அறையில் படுக்கிறார்கள். அப்புறம் பிளெமிங் கதைதான்.

மிச்சம் ஒன்று

நான் கடையை விட்டுக் கிளம்பியபோது ராத்திரி 9 மணி. கல்லாவுக்குப் பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் டப்பா. வெட்டியது போக மிஞ்சிய துண்டு அட்டைகள் அதில் கிடந்தன. ஒன்றை எடுத்துப் பார்த்தேன். ஒரே ஒரு மாத்திரை. மருந்துப் பெயரில் பாதி இல்லை. காலாவதித் தேதி இல்லை. சிவப்புக் கோடு கத்தரியோடு போய்விட்டது.

"இதை என்ன செய்வீங்க?" என்றேன்.

கடைக்காரர் வாய் திறப்பதற்குள் வாசலில் ஒரு ஆட்டோ வந்து நின்றது. இறங்காமலே டிரைவர் குரல் கொடுத்தார்:

"அண்ணே, ஜல்புக்கு அந்த பவர் மாத்திரை ஒண்ணு இருக்குமா?"