உப்பு நீரின்மேல் மிதக்கும் குடிநீர்

கோடை விடுமுறை வந்தால் தாம்பரம், சேலையூர் பக்கம் நாலு குடும்பம் சேர்ந்து வேன் பிடித்து ராமேசுவரம் கிளம்புவது உண்டு. அடுப்பு, அரிசி, பாய், தலையணை எல்லாம் வேனிலேயே ஏறிவிடும். 2025 ஏப்ரல் 6 அன்று பாம்பனில் புது ரயில் பாலம் திறந்தபோது, ராமேசுவரம்–தாம்பரம் புது ரயிலும் அன்றே புறப்பட்டது. ஆனாலும், நினைத்த இடத்தில் நின்று தீவைச் சுற்றிப் பார்க்க வேன்தான் தோது.

தீவின் கிழக்கு முனைக்குக் கட்டாயம் போங்கள். 1964 டிசம்பர் புயலில் அழிந்த தனுஷ்கோடி அங்கேதான் இருக்கிறது. ஒருபுறம் பாக் நீரிணை, மறுபுறம் மன்னார் வளைகுடா, நடுவில் ஒடுங்கிய மணல் திட்டு. அந்த மணலில் மீனவக் குடும்பங்கள் கையாலேயே ஊற்று தோண்டுகிறார்கள். சில அடி ஆழத்தில் தண்ணீர் சுரக்கிறது. சிரட்டையால் மொண்டு குடத்தில் ஊற்றுகிறார்கள். குடித்துப் பாருங்கள், உப்பே கரிக்காது!

எப்படி? மணலில் இறங்கிய மழைநீர் அது. ஒரு லிட்டர் நல்ல தண்ணீரின் எடை 1,000 கிராம்; கடல்நீரோ சுமார் 1,025 கிராம். எடை குறைந்த மழைநீர், அடியில் ஊறிக் கிடக்கும் கடல்நீரின்மேல் மிதக்கிறது. மணல் இடுக்கில் அலையடிக்காது; அதனால் இரண்டும் சட்டென்று கலப்பதில்லை.

இப்போது ஒரு கணக்கு. எடை வித்தியாசம் 25 கிராம். 1,000-ஐ 25-ஆல் வகுத்தால் 40. ஆள் ஏற ஏறப் படகு அமிழ்வதுபோல, கடல் மட்டத்துக்குமேல் நல்ல தண்ணீர் ஓர் அடி நின்றால், கீழே ஏறக்குறைய 40 அடிக்கு அது அமிழ்ந்து நிற்கும். கிபன், ஹெர்ஸ்பர்க் என்ற இருவர் நூறு வருடத்துக்கு முன்பே கண்டுபிடித்த விதி இது.

இதே விதி நம் திருவான்மியூர், கொட்டிவாக்கம், நீலாங்கரை மணலுக்கும் பொருந்தும். மோட்டார் போட்டு உறிஞ்சி மேல்மட்டம் ஓர் அடி இறங்கினால், அடியிலிருக்கும் உப்புநீர் நாளாவட்டத்தில் 40 அடி ஏறிவிடும். சிரட்டையோ மேலாக உள்ள நல்ல தண்ணீரை மட்டும் அள்ளுகிறது. தனுஷ்கோடிக்காரர்களின் அந்தக் கைப்பக்குவத்தை நான் உயர்ந்த பொறியியல் என்றே சொல்வேன்.

வீட்டில் செய்து பாருங்கள். கண்ணாடித் தம்ளரில் பாதி அளவு நன்றாகக் கரைத்த உப்புத் தண்ணீர் எடுங்கள். கேசரிப் பவுடர் கலந்த நல்ல தண்ணீரைக் கரண்டியின் முதுகில் மெல்ல வழியவிடுங்கள். நிற நீர் தனி அடுக்காக மேலே நிற்கும். அந்த அடுக்கின் அடிப்பகுதியில் ஸ்ட்ராவை வைத்து வேகமாக உறிஞ்சுங்கள். நாக்கில் எப்போது உப்புத் தட்டுகிறது என்று பாருங்கள்.