எந்த ரகம் என்பதோடு எந்த நாள் என்றும் கேளுங்கள்

ஆலிவ் பயிரிடும் நாடுகளில் புதிதாகத் தோட்டம் போடுபவர் எல்லோரும் கேட்பது, பூச்சி தாங்கும் ரகம் எது என்பதுதான். அங்கே பூச்சி என்றால் முதலில் ஆலிவ் ஈ. நம் மாம்பழங்களைப் பாழாக்கும் பழ ஈக்கு நெருங்கிய சொந்தம்; உடல் ஐந்து மில்லிமீட்டர் அளவே. பெண் ஈ பெரும்பாலும் காய்க்கு ஒரு முட்டை வீதம் இடும். அதிலிருந்து வரும் புழு சதையைக் குடைந்து தின்னும். ரகத்தைப் பற்றிய கேள்வி நியாயமானதே. ஆனால் பெயரை மட்டும் சொல்லும் பதில் அரைகுறைப் பதில். ரகம் என்று நாம் சொல்வதில் பெரும்பங்கு, காய் எவ்வளவு பெருக்கிறது, எப்போது பழுக்கிறது என்பதே.

கலிபோர்னியாவில் இந்த ஈ முதலில் கண்டறியப்பட்டது 1998இல், லாஸ் ஏஞ்சலஸ் பகுதியில். ஊறுகாய்க்கும் டப்பாவில் அடைப்பதற்கும் வளர்க்கப்படும் செவில்லானோ, அஸ்கொலானோ, மன்சனில்லோ ஆகிய ரகங்களே அங்கே அதிகம் அடிவாங்கின. எண்ணெய்க்கான கொரோனைக்கி போன்ற சிறு காய் ரகங்களில் சேதம் குறைவு. பெரிய காயில் புழுவுக்குச் சதை தாராளம். கொட்டை கெட்டிப்பட்டதும் ஈயை ஈர்க்கும் பருமனைச் சீக்கிரமே எட்டிவிடும். நன்றாகத் தண்ணீர் பாய்ச்சிய மரத்தின் கொழுத்த காய்க்கும் இதே கதிதான். அதே சமயம், காய்ப்பு மெலிந்த ஆண்டில் இருக்கிற கொஞ்சம் காய்களின்மேல் எல்லா ஈக்களும் மொய்க்கும். அப்போது சிறு காய் ரகமும் தப்பாது. 'தாங்கும்' என்ற பட்டம், பக்கத்தில் அதைவிட ருசியான காய் இருக்கும்வரைதான் முழுதாகச் செல்லுபடியாகும்.

பச்சைக் காய் தன்னைத்தானே காத்துக்கொள்ளாதா என்று கேட்கலாம். வாயில் வைக்க முடியாத அதன் கசப்புக்கு ஒலியூரோபீன் என்ற பொருளே முக்கியக் காரணம். பூச்சிகளுக்கும் அது ஆகாது. ஆலிவ் ஈயோ இந்த அரணைக் கடக்க ஒரு கூட்டாளியை வயிற்றிலேயே வைத்திருக்கிறது. இஸ்ரேல் ஆய்வாளர்கள் 2015இல் வெளியிட்ட ஆய்வு இதை அழகாகக் காட்டியது: குடலில் வாழும் பாக்டீரியாவை நீக்கிவிட்டால் புழுக்களால் பச்சைக் காயில் வளர முடியவில்லை, கறுத்துப் பழுத்ததில் வளர முடிந்தது. ஆக, கசப்பு மட்டும் காயைக் காப்பாற்றாது. ஆனாலும் பழுக்கப் பழுக்கக் கசப்பு குறைந்து சதையும் இளகுவதால், கூட்டாளியின் தயவே இல்லாமல் பிழைக்கும் அளவுக்குப் புழுவின் வேலை எளிதாகிறது.

இதோடு வானிலையும் சேர்கிறது. 35 டிகிரி செல்சியஸைத் தாண்டும் கோடை, காய்க்குள் இருக்கும் முட்டைகளையும் இளம் புழுக்களையும் கொல்லும். வெயில் தணியும் இலையுதிர் காலத்தில்தான் ஈக்கள் பெருகும். காய்கள் நிறம் மாறுவதும் அப்போதே. தாமதமாகப் பறிக்கப்படும் ரகம் இந்தப் பெருக்கத்துக்கு நடுவே கூடுதல் வாரங்கள் மரத்தில் நிற்கிறது. மிதமான குளிர்காலமும் குளிர்ந்த ஈரக் கோடையும் சேர்ந்த 2014இல் டஸ்கனி, உம்ப்ரியா தோட்டங்கள் ஈயால் பெரும் இழப்பைச் சந்தித்தன. வெயில் செய்ய வேண்டிய வேலையை அந்த ஆண்டு யாரும் செய்யவில்லை.

சீக்கிரம் பறித்தால் எண்ணெய் குறையுமே என்பது விவசாயியின் நேர்மையான மறுப்பு. மிக முந்திப் பறித்தால் குறையும்தான். ஆனால் நிறம் மாறத் தொடங்கியபின் எண்ணெய் சேரும் வேகம் தணிகிறது. அதற்குப்பின் செக்கில் தெரியும் சதவீத உயர்வில் ஒரு பங்கு, காயில் நீர் வற்றுவதால் வருவது. மறுபுறம், புழு வெளியேறிய துளை வழியே பூஞ்சை புகுந்தால் எண்ணெயின் அமிலத்தன்மை ஏறும்; உயர்தர 'எக்ஸ்ட்ரா வெர்ஜின்' எண்ணெய்க்கு அது 0.8 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. சில கிலோ எண்ணெய்க்காகக் காத்திருந்து தரம் இறங்குவது, ஈ பெருகிய ஆண்டில் நஷ்டக் கணக்கே.

ஊறுகாய்க் காய்க்கு இந்த வழி அவ்வளவாக உதவாது. அதைப் பெரும்பாலும் பச்சையாகவே பறிக்கிறார்கள். ஒரு துளை விழுந்தாலும் வாங்குபவர் ஒதுக்கிவிடுவார். அங்கே ரகத் தேர்வும் நச்சு கலந்த இரையுமே கைகொடுக்கும். எந்தத் தோட்டமானாலும், பறிக்காமல் விட்ட காய்கள் குளிர்காலம் தாண்டியும் மரத்தில் தொங்கினால், வசந்தத்தில் வரும் ஈக்களுக்கு அவைதான் தொட்டில். அவற்றை உதிர்த்து அப்புறப்படுத்தும் கூலியையும் அறுவடைச் செலவிலேயே எழுதிக்கொள்ள வேண்டும்.