பிடித்த கேமும் பெரிய கேமும்

திருத்தணி மலையடிவாரத்தில் எங்கள் அப்பாவுக்கு டிவி ரிப்பேர் கடை இருந்தது. தொண்ணூறுகளின் கடைசியில் கடையின் ஒரு மூலையில் இரண்டு டிவிப் பெட்டிகளைப் போட்டு, மணிக்கணக்கில் காசு வாங்கி வீடியோ கேம் ஆட விட்டார். கல்லாவில் நான். ஸ்கூல் விட்டதும் ஊர்ப் பையன்கள் வந்துவிடுவார்கள். கிருத்திகையன்று நகரி, புத்தூர்ப் பக்கத்திலிருந்து சாமி கும்பிட வந்த குடும்பத்துப் பிள்ளைகள், மொட்டைத் தலையில் சந்தனம் காய்வதற்குள் வந்து நிற்பார்கள். ஒருவன் தெலுங்கில் கேட்பான், இன்னொருவன் தமிழில் பதில் சொல்வான். காசு தீர்ந்ததும் வாசலில் நின்று ஒரே சண்டை: எது பெஸ்ட் கேம்?

பெரிய பத்திரிகைகளும் அதே சண்டையைத்தான் போடுகின்றன. உலகின் தலைசிறந்த நூறு கேம்கள் என்று பட்டியல் வரும். உடனே இது ஏன் இல்லை, அது ஏன் மேலே என்று கேள்விகள் கிளம்பும். கடைசியில் யாராவது ஒருவர், "அவரவர் ரசனை, விடுங்கப்பா" என்று பேச்சை முடித்துவைப்பார். அப்படி முடித்துவைப்பதில் எனக்குச் சம்மதமில்லை. ரசனை அவரவருடையதுதான். ஆனால் ஒரு கேம் நன்றாகச் செய்யப்பட்டிருக்கிறதா என்பதைத் தொட்டுக் காட்ட முடியும். காட்டுகிறேன்.

1985இல் வந்த 'சூப்பர் மரியோ பிரதர்ஸ்'. நிண்டெண்டோவில் ஷிகெரு மியாமோட்டோவும் தகாஷி தெசுகாவும் உருவாக்கியது. மொத்தமே 40 கிலோபைட். இன்று வாட்ஸப்பில் வரும் ஒரு குட்மார்னிங் படம் இதைவிடப் பெரிது. முதல் திரையில் மரியோ இடது ஓரத்தில் நிற்பான், வலது பக்கம் காலியாக இருக்கும். அந்தப் பக்கம்தான் போக வேண்டும் என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. கொஞ்ச தூரத்தில் ஒரு காளான் பூதம் எதிரே வரும். முட்டினால் சாவு. அடுத்த முறை தாண்டுவோம். தாண்டும்போது தற்செயலாக அதன் தலையில் மிதித்தால் அது சாகும். அடுத்து கேள்விக்குறி போட்ட கட்டையை முட்டினால் உண்மையான காளான் ஒன்று வெளியே வரும். அது வலது பக்கம் ஓடிக் குழாயில் மோதி, திரும்பி நம்மைப் பார்த்தே வரும். எதிரி என்று பயந்து விலகினாலும் பெரும்பாலும் மேலே பட்டுவிடும். பட்டதும் மரியோ பெரியவனாவான். இது நல்லது என்று புரிந்துவிடும்.

பட்டனை லேசாகத் தட்டினால் சின்னத் தாவல், அழுத்திப் பிடித்தால் பெரிய தாவல். அந்தரத்தில் இருக்கும்போதே கொஞ்சம் திருப்பிக்கொள்ளலாம். விரலுக்கும் திரைக்கும் நடுவே இப்படி ஒரு பேச்சு நடக்கும். எங்கள் கடைக்கு வந்த பிள்ளைகளில் இங்கிலீஷ் படிக்கத் தெரிந்தவர்கள் குறைவு. தமிழ்ப் பிள்ளையும் தெலுங்குப் பிள்ளையும் ஒரே நேரத்தில் அதே இடத்தில் அதே பாடத்தைக் கற்றதை நான் கல்லாவிலிருந்தே பார்த்தேன். மரியோ பிடிக்காதவனும் இதை மறுக்க முடியாது. தரம் என்று நான் சொல்வது இதைத்தான்.

இத்தனைக்கும் எனக்குப் பிடித்த கேம் மரியோ இல்லை, 'கான்ட்ரா'. கொனாமி 1987இல் கொண்டுவந்த துப்பாக்கி ஆட்டம். மூன்றாவது கட்டத்தில் அருவியை ஒட்டி மேலே ஏற வேண்டும். இரண்டு பேர் ஆடும்போது ஒருவர் வேகமாக ஏறினால் திரையும் கூடவே ஏறிவிடும். கீழே நிற்பவர் திரைக்கு வெளியே போய்ச் செத்துவிடுவார். கண்டிப்பான விமர்சகர் இதைக் குறை என்று எழுதுவார். என் தம்பியும் நானும் இதற்காகவே 'ஒன்னு, ரெண்டு' என்று எண்ணிச் சேர்ந்து குதிக்கப் பழகினோம். இன்றும் அந்த அருவியைப் பார்த்தால் எனக்கு நெஞ்சு நிறையும். ஆனால் அந்த நிறைவில் பாதி கேசட்டில் இல்லை, பக்கத்தில் உட்கார்ந்திருந்த தம்பியிடம் இருந்தது. அதனால் தலைசிறந்த கேம் எது என்று ஓட்டுப் போடச் சொன்னால் கான்ட்ராவுக்குப் போட மாட்டேன். அன்பு வேறு, ஓட்டு வேறு.

எண்கள் இதைத் தீர்த்துவைக்கும் என்று பலர் நம்புகிறார்கள். மெட்டாகிரிட்டிக் பல விமர்சகர்களின் மதிப்பெண்களைச் சேர்த்து நூற்றுக்கு ஒரு எண் தருகிறது. 2010இல் வந்த 'ஃபால்அவுட்: நியூ வேகஸ்' 85 வாங்கினால் அதை உருவாக்கிய அப்சிடியன் நிறுவனத்துக்கு போனஸ் என்று ஒப்பந்தம். வந்தது 84. போனஸ் போயிற்று. அந்த நிறுவனத்தின் கிறிஸ் அவெலோன் 2012இல் இதைச் சொன்னார். அந்த ஒரு மதிப்பெண்ணில் எந்த ரசனையைக் கண்டார்கள்? 2020 ஜூனில் 'தி லாஸ்ட் ஆஃப் அஸ் பார்ட் 2' வந்தபோது விமர்சகர்கள் 93 கொடுத்தார்கள். ஆடி முடிக்க இருபது மணி நேரத்துக்கு மேல் ஆகும் கேம் அது. வெளியான சில மணி நேரத்திலேயே ஆயிரக்கணக்கானவர்கள் பூஜ்யம் போட்டார்கள். அதன்பிறகுதான் புதிய கேமுக்கு 36 மணி நேரம் கழித்தே பொதுமக்கள் மதிப்பெண் போடலாம் என்று மெட்டாகிரிட்டிக் விதி கொண்டுவந்தது. ஆடாமல் போட்ட பூஜ்யத்தை ரசனை என்றுகூட நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

யார் நீதிபதி என்பதும் பெரிய கேள்வி. மெட்டாகிரிட்டிக்கில் 99 வாங்கி உச்சியில் இருப்பது 1998இல் வந்த 'ஒகரினா ஆஃப் டைம்'. அது ஓடும் மெஷினை எங்கள் ஊரில் யாரும் கண்ணால் பார்த்ததில்லை. எங்களுக்கு 'ரோட் ராஷ்', பிறகு பிரவுசிங் சென்டர்களில் 'வைஸ் சிட்டி'. ஆனால் நாங்கள் பார்க்காததால் அது சின்னதாகிவிடாது. பல வருஷம் கழித்து ஆடினேன். எதிரியை ஒரு பட்டனால் குறிவைத்துப் பூட்டிக்கொண்டால், நாம் எப்படிச் சுற்றி வந்தாலும் கேமரா அவனை விடாது. முப்பரிமாணச் சண்டைக்கு அது வழிகாட்டியது. பின்னால் வந்த எத்தனையோ கேம்கள் அந்த வழியில்தான் போயின. மனசு ஒட்டவில்லை, மதிப்பு வந்தது.

'வெண்பா'வில் நேர்மாறாக நடந்தது. கனடாவின் டொரன்டோவில் தமிழரான அபி தொடங்கிய விசை கேம்ஸ், 2023 ஜூலையில் வெளியிட்ட கேம். எண்பதுகளில் கனடாவுக்குக் குடியேறிய வெண்பா, அவள் கணவன் பாவலன், மகன் கவின். வெண்பாவுக்கு அவள் அம்மா கொடுத்த, பக்கங்கள் சிதைந்துபோன சமையல் குறிப்புப் புத்தகம் ஒன்று. விட்டுப்போன படியைக் கண்டுபிடித்துச் சமைப்பதுதான் ஆட்டம். 2024இல் பாஃப்டாவின் சிறந்த அறிமுக கேம் விருது வாங்கியது. முதலில் இட்லி. தட்டுகளை எப்படி அடுக்கினால் ஆவி ஏறும் என்பதுதான் புதிர். நான் லேப்டாப்பில் ஆடிக்கொண்டிருந்தபோது பின்னால் நின்ற அத்தை சொன்னார்: "மேல் தட்டைத் திருப்பி வைடி. குழி மேல குழி வந்தா ஆவி எப்படி ஏறும்? இதுல என்ன கேம் இருக்கு?"

லண்டனில் இருப்பவருக்குப் புதிர், என் அத்தைக்குக் கைப்பழக்கம். எங்கள் வீட்டில் அது கேமாகவே இல்லை, வீடாக இருந்தது. மகனுக்காகக் காத்திருக்கும் வெண்பாவைப் பார்த்து அத்தை அப்புறம் வாயே திறக்கவில்லை. எனக்கும் அழுகை வந்தது. ஆனாலும் புதிர்கள் எளிது, ஒன்றரை மணி நேரத்தில் முடிந்துவிடுகிறது என்று வெளிநாட்டார் சொன்ன குறை சரியான குறைதான். நம் பிள்ளை என்பதற்காக அதை மறைக்க வேண்டாம். அதே சமயம், இட்லியையே அறியாதவர்களையும் அந்தக் கிழிந்த புத்தகம் கலங்க வைத்ததே, அது நம் பாசத்தால் வந்ததில்லை, செய்த விதத்தால் வந்தது.

இப்போது கடை ஜெராக்ஸ் கடை. போன மாதம் பொதட்டூர்ப்பேட்டையிலிருந்து, தறி ஓட்டுகிறவரின் மகன் ஒருவன் மார்க்‌ஷீட் பிரதி எடுக்க வந்தான். கையில் கண்ணாடி விரிசல் விட்ட பழைய போன், அதில் 'ஃப்ரீ ஃபயர் மேக்ஸ்'.

"இதாங்க்கா உலகத்துலயே பெஸ்ட்."

"ஏன்டா? ஃப்ரெண்ட்ஸ் எல்லாம் ஆடறாங்கன்னா?"

"இல்லக்கா. அம்பது பேர் குதிக்கிறோம். ஒளிஞ்சிகினே இருக்கலாம்னு பாத்தா வட்டம் சின்னதாயிட்டே வரும். எப்படியும் ஒருத்தன ஒருத்தன் பாத்துதான் ஆகணும். பத்து நிமிஷத்துல முடிஞ்சிடும். இந்த போன்லயே ஓடுது பாருங்க."

பயந்தவனையும் களத்துக்குக் கொண்டுவரும் வட்டம், வேலைக்கு நடுவே முடிந்துவிடும் ஆட்டம், விலை குறைந்த போனிலும் ஓடும் கட்டமைப்பு. மூன்றையும் அவன் தொட்டுக் காட்டினான். எனக்கு ஃப்ரீ ஃபயர் பிடிக்காது; அந்தச் சத்தமும், துப்பாக்கிக்குப் பூசும் வண்ணத்துக்குக் காசு கேட்பதும் ஆகாது. ஆனால் அதை மட்டமான கேம் என்று சொல்வதை அன்றோடு நிறுத்திவிட்டேன்.